லிஸ்ட்டை முடிக்கிறது யாரு? காம்போ பாக்ஸோட கதை

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. லேப்டாப் பக்கத்துல இருந்தா வேர்டைத் திறங்க. பஸ்ல போய்ட்டு இருந்தா மனசுக்குள்ளயே திறந்துக்கோங்க, எல்லாருக்கும் மனப்பாடமான ஸ்கிரீன்தான். மேலே ஃபான்ட் சைஸ் மாத்துற குட்டிப் பெட்டி இருக்கும், அதுக்குப் பக்கத்துல கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அதை அழுத்தினா 8, 9, 10, 11, 12 வரிசையா வரும். அப்புறம் 14, 16-னு ரெண்டு ரெண்டா 28 வரைக்கும் ஏறும். அங்கேருந்து 36, 48, 72-னு ஒரே தாவு. 13 அந்த லிஸ்ட்ல கிடையாது. ஆனா பெட்டிக்குள்ள கிளிக் பண்ணி 13-னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. வேர்ட் ஒரு வார்த்தை கேக்காது, எழுத்து 13 ஆயிடும். 10.5 போட்டாலும் வாங்கிக்கும். 2000 போட்டாத்தான் 1-லேருந்து 1638-க்குள்ள இருக்கணும்னு சொல்லும்.

இப்ப ஏதாவது ஒரு விண்ணப்ப ஃபார்மை நினைச்சுக்கோங்க. அதுல "மாவட்டம்"னு ஒரு பெட்டி இருக்கும். அதே சைஸ், அதே அம்புக்குறி. உள்ள கிளிக் பண்ணி டைப் பண்ணப் போனா ஒண்ணும் நடக்காது. லிஸ்ட்ல இருக்கிறதை எடுத்துக்கோ, இல்லன்னா போ, அவ்வளவுதான்.

முதல் பெட்டிக்கு காம்போ பாக்ஸ்னு பேரு. ரெண்டாவது ட்ராப்டவுன் லிஸ்ட். நாம எல்லாரும் ரெண்டையும் பொதுவா ட்ராப்டவுன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். ஒரு ப்ரோக்ராமருக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது பெரும்பாலும் ஒரே ஒரு ப்ராப்பர்ட்டி, "எடிட்டபிள்" ஆமாவா இல்லையா. ஆனா அந்த ஒரு ப்ராப்பர்ட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுது: இந்த லிஸ்ட்டை முடிக்கிற அதிகாரம் யாருக்கு? எழுதினவனுக்கா, உபயோகிக்கிறவங்களுக்கா? கிட்டத்தட்ட 35 வருஷமா டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் உலகம் இந்தக் கேள்விக்கு மாத்தி மாத்திப் பதில் சொல்லிட்டு வருது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஃபான்ட் சைஸ்லேருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அதுல லிஸ்ட் எப்படித் திறந்துச்சுன்னு தெளிவாப் பாக்க முடியும். அச்சகத்துல ஈய எழுத்து வச்சு கோத்துட்டு இருந்த காலத்துல ஒவ்வொரு சைஸும் தனித்தனியா வார்த்த உலோகம். 12 பாயின்ட்டுக்கு ஒரு செட், 14-க்கு ஒரு செட். 13 பாயின்ட் வேணும்னா முழு செட்டையும் புதுசா வார்க்கணும், யாரு வார்ப்பாங்க? அதனால 8, 10, 12, 14, 18, 24, 36, 48, 72-னு சில சைஸ்கள் நிலைச்சுப் போச்சு. லிஸ்ட் மூடியே இருந்துச்சு. யாரும் உட்கார்ந்து தடை போடல, பொருளே இல்லை.

1984-ல மேக்கின்டாஷ் வந்தப்ப ஈயம் போய் புள்ளி வந்துச்சு. ஆனா ஒவ்வொரு ஃபான்டும் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா புள்ளி புள்ளியா வரைஞ்ச பிட்மேப். மேக்ரைட் மெனுவுல 9, 10, 12, 14, 18, 24 இருக்கும். அதுல எந்த சைஸுக்கு நிஜமா வரைஞ்ச எழுத்து டிஸ்க்ல இருக்கோ, அந்த எண் மட்டும் உள்ளே வெள்ளையா, கோட்டு எழுத்துல தெரியும். மத்ததைத் தேர்ந்தெடுத்தா கம்ப்யூட்டர் இருக்கிற பிட்மேப்பை இழுத்துக் காட்டும், விளிம்பெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதாவது லிஸ்ட்டே உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுச்சு: இது என்கிட்ட இருக்கு, இது இல்ல, சமாளிக்கிறேன். இன்னைக்கு இருக்கிற நிறைய ட்ராப்டவுன்ல இந்த நேர்மை கிடையாது.

அப்புறம் ட்ரூடைப் வந்துச்சு. 1991-ல ஆப்பிளோட சிஸ்டம் 7, 1992-ல விண்டோஸ் 3.1. எழுத்தைப் புள்ளியா வைக்காம வளைகோடா வச்சாங்க. கோட்டை எந்த அளவுக்கு வேணும்னாலும் பெருசாக்கலாம். 13-ம் சரி, 10.5-ம் சரி. இந்த இடத்துலதான் லிஸ்ட்டோட வேலையே மாறுது. அதுவரைக்கும் இருக்கிறதோட கணக்கா இருந்தது, இனிமே வெறும் பரிந்துரை. வேர்ட்ல இன்னைக்கும் 28-க்கு அப்புறம் 36, 48, 72-னு தாவுறது பழைய அச்சு வழக்கத்தோட எச்சம். பக்கத்துல டைப் பண்ண ஒரு இடம் இருக்கிறதால அந்த எச்சம் யாரையும் உறுத்தல.

சரி, காம்போன்னு பேரு எங்கேருந்து வந்துச்சு? காம்பினேஷன். ஐபிஎம் 1987-ல காமன் யூசர் ஆக்சஸ்னு ஒரு விதித்தொகுப்பை ஆரம்பிச்சாங்க, சுருக்கமா சியுஏ. மெயின்ஃப்ரேம் டெர்மினல்லேருந்து பிசி வரைக்கும் எல்லா ஸ்கிரீனும் ஒரே மாதிரி நடந்துக்கணும்னு ஆசை. அந்த விதிகள்ல எழுதுற பெட்டியும் லிஸ்ட்டும் சேர்ந்த பொருளுக்கு காம்பினேஷன் பாக்ஸ்னு பேரு வச்சாங்க. இதே யோசனை டெர்மினல்லயும் இருந்துச்சு. ஐபிஎம்மோட ஏஎஸ்/400 டெர்மினல்ல ஒரு ஃபீல்டுல கர்சரை வச்சு எஃப்4 தட்டினா அந்த ஃபீல்டுக்கு என்னென்ன போடலாம்னு ஒரு லிஸ்ட் வரும். தெரிஞ்சா நேரா டைப் பண்ணு, தெரியலைன்னா எஃப்4. எஸ்ஏபி-ல வேலை பாக்குறவங்க இப்ப சிரிச்சிருப்பீங்க. அவங்களுக்கு "எஃப்4 ஹெல்ப்" இன்னைக்கும் தினசரி சோறு. இதைக் கேட்டு முடிச்சதும் விண்டோஸ்ல ஏதாவது ஒரு காம்போ பாக்ஸ்ல நின்னு எஃப்4 தட்டிப் பாருங்க. லிஸ்ட் கீழே இறங்கும். அந்தப் பழைய டெர்மினல் சாவியேதான்.

இந்த வரிசையில கவனிக்க ஒரு விஷயம் இருக்கு. டெர்மினல் காலத்துல டைப் பண்றதுதான் முதல் வேலை, லிஸ்ட் கூடவே வர்ற உதவியாள். அம்புக்குறியை அழுத்தி எடுத்துக்கிறதுதான் முதல், டைப் பண்றது விதிவிலக்குன்னு நாம இன்னைக்கு நினைக்கிறோமே, அது மவுஸ் வந்த பிறகு தலைகீழானது.

விண்டோஸுக்கு வருவோம். 1990 மே மாசம் விண்டோஸ் 3.0 வெளிவந்தது. காம்போ பாக்ஸ் ஒரு தயார் கன்ட்ரோலா அதுலதான் முதல்ல வந்துச்சு. மூணு ரகம் கொடுத்தாங்க. சிம்பிள்: எழுதுற பெட்டி மேலே, லிஸ்ட் கீழே எப்பவும் திறந்தே இருக்கும். ட்ராப்டவுன்: லிஸ்ட் மடங்கி இருக்கும், டைப்பும் பண்ணலாம். ட்ராப்டவுன் லிஸ்ட்: மடங்கி இருக்கும், டைப் பண்ண முடியாது. கன்ட்ரோலை உருவாக்கும்போதே எந்த ரகம்னு சொல்லிடணும், அப்புறம் மாத்த முடியாது. "ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்ல இந்த ட்ராப்டவுன எடிட் பண்ற மாதிரி எப்படி மாத்துறது"ன்னு ஒவ்வொரு தலைமுறை ப்ரோக்ராமரும் கேட்டிருக்காங்க. விண்டோஸோட பதில் எப்பவும் ஒண்ணுதான்: இதை அழிச்சிட்டு புதுசா ஒண்ணு உருவாக்கு. ஏன்னா உள்ளே ரெண்டும் வேற வேற ஜென்மம். எடிட் பண்ற ரகத்துக்குள்ள ஒரு நிஜமான எடிட் விண்டோ குடியிருக்கு. மூடின ரகத்துல அது கிடையாது, தேர்ந்தெடுத்த வரியை வரைஞ்சு காட்டுறதோட சரி.

விண்டோஸ் 3-ல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. பழைய ஸ்கிரீன்ஷாட் கிடைச்சா உத்துப் பாருங்க. டைப் பண்ணக்கூடிய காம்போவுல எழுதுற பெட்டிக்கும் அம்புக்குறி பட்டனுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ரெண்டு மூணு புள்ளி அகலம்தான். மூடின ட்ராப்டவுன் லிஸ்ட்ல பட்டன் பெட்டியோட ஒட்டியே இருக்கும். இடைவெளி இருந்தா எழுதலாம், ஒட்டியிருந்தா எழுத முடியாது. ஒரு வார்த்தை இல்ல, ஐகான் இல்ல, வெறும் ஒரு சந்து. எத்தனை பேர் அதைக் கவனிச்சிருப்பாங்க, சொல்லுங்க? ஆனா வித்தியாசத்தைக் காட்டணும்னு ஒருத்தர் யோசிச்சிருக்காங்கல்ல, அது பெரிசு.

1995-ல விண்டோஸ் 95 வந்துச்சு. முப்பரிமாண நிழல், சாம்பல் நிற பட்டன், எல்லாம் அழகாச்சு. அந்தச் சந்தை மூடிட்டாங்க. ரெண்டு கன்ட்ரோலும் அச்சு அசலா ஒரே மாதிரி ஆயிடுச்சு. வெள்ளைப் பெட்டி, ஓரத்துல அம்புக்குறி. எழுத முடியுமா முடியாதான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, உள்ள கிளிக் பண்ணி கர்சர் மின்னுதான்னு பாக்குறது. விண்டோஸ் விஸ்டா வர்ற வரைக்கும், 11 வருஷத்துக்கு மேல, உலகத்துல பெரும்பாலான ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் இருந்துச்சு. விஸ்டாவுலதான் மூடின ரகத்தை ஒரு பட்டன் மாதிரி வரைஞ்சு திரும்பவும் பிரிச்சாங்க. மேக்ல இந்தச் சிக்கல் அவ்வளவா இல்ல. அங்கே மூடின லிஸ்ட் ஒரு பாப்அப் பட்டனா இருந்துச்சு, எழுதுற பெட்டியோட உருவத்துக்குக் கிட்டயே வராது.

உருவத்தை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு: டிஃபால்ட். 1991-ல விஷுவல் பேசிக் வந்துச்சு. டூல்பாக்ஸ்லேருந்து காம்போ பாக்ஸை இழுத்து ஃபார்ம்ல போட்டா, அதோட ஸ்டைல் ப்ராப்பர்ட்டி 0. அதாவது எடிட் பண்ணலாம். மூடணும்னா நீங்களாப் போய் 2-னு மாத்தணும். 1995-ல வந்த டெல்ஃபையும் அப்படியே. 2002-ல டாட்நெட்டோட வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸும் அப்படியே. எந்த ப்ராப்பர்ட்டியையும் தொடாம விட்டா கதவு திறந்தே இருக்கும். நம்ம தொழில்ல பாதி முடிவுகள் யாரும் எடுக்காத முடிவுகள்தான், டிஃபால்ட் எடுத்ததுதான். அதனால 90-கள்ல உலகம் முழுக்க எழுதப்பட்ட எண்ணிக்கையில்லாத ஆபீஸ் அப்ளிகேஷன்கள்ல, ஒருத்தரும் யோசிக்காமலேயே, யூசருக்கு லிஸ்ட்டைத் தாண்டி எழுதுற உரிமை கிடைச்சது.

அதனால என்ன ஆச்சு? ரெண்டு விஷயம். ஒண்ணு, ப்ரோக்ராம் கவுந்துச்சு. லிஸ்ட்ல எத்தனாவது வரியைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு கேட்டா காம்போ பாக்ஸ் ஒரு எண் கொடுக்கும். 0, 1, 2. லிஸ்ட்ல இல்லாத ஒண்ணை யூசர் டைப் பண்ணியிருந்தா கொடுக்கிற எண் -1. அது வரும்னு எதிர்பார்க்காத கோடு, இல்லாத மைனஸ் ஒண்ணாவது வரியைத் தேடிப் போய் செத்துடும். ரெண்டாவது விளைவு மெதுவானது. அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல என் டீமுக்கு ஒரு பார்சல் கம்பெனியோட பழைய விபி6 அப்ளிகேஷனை மாத்தி எழுதுற வேலை வந்துச்சு. பேர் வேணாம். சரக்கு எங்கே போகணும்னு ஒரு காம்போ பாக்ஸ், டிஃபால்ட்டாவே திறந்த ரகம். டேட்டாபேஸைத் திறந்து பார்த்தா திருச்சி மட்டும் திருச்சின்னு இருக்கு, ட்ரிச்சின்னு இருக்கு, திருச்சிராப்பள்ளி இருக்கு, அந்த முழுப் பேரையே எச் போட்டு, எச் போடாம, ஒரு பி, ரெண்டு பி-னு எத்தனையோ விதமா இருக்கு, ரயில்வே கோடான டிபிஜே கூட இருக்கு. கூடவே "திருச்சி - பெரியவர் கடை கிட்ட"ன்னு ஒரு வரி. எங்க லீட் பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னார்: மூடு. புது அப்ளிகேஷன்ல ட்ராப்டவுன் லிஸ்ட், மாஸ்டர் டேபிள்ல இருக்கிற ஊர் மட்டும்தான்.

மூடினாங்க. சில மாசம் கழிச்சு ரிப்போர்ட் அருமையா இருந்துச்சு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனா அம்பத்தூருக்கு மட்டும் நம்பவே முடியாத அளவு சரக்கு போயிருக்கு. புக்கிங் ஆபீஸுக்குப் போய் அங்க வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டேன். "அண்ணே, அம்பத்தூருக்கு ஏன் இவ்வளவு லோடு?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. "லோடெல்லாம் ஒண்ணும் போகல தம்பி. பார்ட்டி சொல்ற ஊரு உங்க லிஸ்ட்ல இல்ல. எதையாவது எடுத்தாத்தான் அடுத்த பக்கம் போக விடுது. மொதல்ல அதான் இருக்கு. சரியான ஊரை பில்லுல பேனாவுல எழுதிடுவோம், டிரைவர் அதைத்தான் பார்ப்பான்." ஆங்கில அகரவரிசையில அம்பத்தூர்தான் முதல் வரி.

எனக்கு இந்த விஷயம் அன்னைக்குத்தான் உறைச்சது. திறந்த பெட்டி கொடுத்த குப்பை கண்ணுக்குத் தெரிஞ்ச குப்பை. திருச்சி பத்து விதமா இருந்தாலும் படிச்சா புரியும், உட்கார்ந்து கூட்டிப் பெருக்கலாம். மூடின பெட்டி கொடுத்தது சுத்தமான பொய். எந்த வரி நிஜ அம்பத்தூர், எந்த வரி வேற ஊர்னு அந்த டேட்டாவுலேருந்து யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. தகவல் பேனாவோட போயிடுச்சு. இதுக்காக எல்லாத்தையும் திறந்து விடணும்னு நான் சொல்லல. ரத்த வகைக்கு யாராவது டைப் பண்ற பெட்டி வச்சா அவர்கிட்ட நானே சண்டைக்குப் போவேன். எட்டே வகை, மூடுங்க. ஆனா ஊர், தொழில், அப்பாவோட படிப்பு, எதனால வேலையை விட்டீங்க, இதுக்கெல்லாம் முடிஞ்ச லிஸ்ட் யார்கிட்ட இருக்கு?

திறக்கிறதுக்கும் மூடுறதுக்கும் நடுவுல ஒரு வழியை யோசிச்சவங்க இருந்தாங்க, அதுவும் மைக்ரோசாஃப்ட்லேயே. ஆக்சஸ் டேட்டாபேஸ்ல காம்போ பாக்ஸுக்கு "லிமிட் டு லிஸ்ட்"னு ஒரு ப்ராப்பர்ட்டி. அதை ஆமான்னு வச்சா லிஸ்ட்ல இல்லாததை ஏத்துக்காது. ஆனா மூஞ்சியில அடிக்கிற மாதிரி நிறுத்தாது. "நாட் இன் லிஸ்ட்"னு ஒரு ஈவென்ட்டை எழுப்பும். யூசர் டைப் பண்ண வார்த்தையை ப்ரோக்ராமர் கையில கொடுத்து, இப்படி ஒண்ணு வந்திருக்கு, என்ன பண்ணலாம்னு கேக்கும். ப்ரோக்ராமர் மூணு பதில் சொல்லலாம்: வழக்கமான எர்ரரைக் காட்டு, எர்ரரைக் காட்டாதே, நான் பார்த்துக்கிறேன், அல்லது இதை டேபிள்ல சேர்த்தாச்சு, லிஸ்ட்டைத் திரும்பப் படி. அந்த மூணாவது பதில்தான் அழகு. "இந்த ஊர் லிஸ்ட்ல இல்ல. சேர்க்கட்டுமா?"ன்னு ஒரு கேள்வி. ஆமான்னா அடுத்த ஆளுக்கு அந்த ஊர் லிஸ்ட்லயே வரும்.

எக்செல் 97-ல வந்த டேட்டா வேலிடேஷன்லயும் இதே புத்தி இருக்கு. ஒரு செல்லுக்கு லிஸ்ட் வச்சா, மீறி டைப் பண்றவரை என்ன பண்ணலாம்னு மூணு அளவு கொடுத்தாங்க: ஸ்டாப், வார்னிங், இன்ஃபர்மேஷன். ஸ்டாப்னா கதவு பூட்டு. வார்னிங்னா, நிச்சயமாத்தான் சொல்றீங்களான்னு ஒரு கேள்வி. இன்ஃபர்மேஷன்னா சொல்லிட்டு விட்டுடும். இதுல டிஃபால்ட் எதுன்னு நினைக்கிறீங்க? ஸ்டாப். அதனால மத்த ரெண்டு இருக்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது. உங்க ஆபீஸ்ல எக்செல் ஷீட் அனுப்பி "இதை ஃபில் பண்ணுங்க"ன்னு கேக்குற எச்ஆர்கிட்ட அடுத்த தடவை இதைச் சொல்லிப் பாருங்க.

ஜாவா பக்கம் கதை வேற மாதிரி. 1996-ல வந்த ஜாவா 1.0-ல ஏடபிள்யூடி-ன்னு ஒரு ஸ்கிரீன் லைப்ரரி. விண்டோஸ், மேக், யூனிக்ஸ் மூணுலயும் அந்தந்த சிஸ்டத்தோட சொந்தக் கன்ட்ரோலையே எடுத்துப் பயன்படுத்தும். அப்ப மூணு இடத்துலயும் பொதுவா இருக்கிறதை மட்டும்தான் கொடுக்க முடியும். யூனிக்ஸ்ல மோட்டிஃப்னு ஒரு டூல்கிட் இருந்துச்சு. 1994-ல வந்த மோட்டிஃப் 2.0-லதான் அதுக்கே காம்போ பாக்ஸ் கிடைச்சது. ஆக ஏடபிள்யூடி கொடுத்தது "சாய்ஸ்"னு ஒரு மூடின லிஸ்ட் மட்டும். டைப் பண்ற ரகம் அதுக்கு இன்னைக்கு வரைக்கும் கிடையாது. 1998 டிசம்பர்ல ஜாவா 1.2-வோட ஸ்விங் வந்தப்ப எல்லாக் கன்ட்ரோலையும் ஜாவாவே வரைய ஆரம்பிச்சது. ஜேகாம்போபாக்ஸ், அதுல செட்எடிட்டபிள்னு ஒரு மெத்தட். விண்டோஸ்ல அழிச்சு உருவாக்க வேண்டியதை இங்கே ஓடும்போதே ஒரு வரியில மாத்தலாம். டிஃபால்ட் மட்டும் மூடினதுதான்.

திறந்ததும் இன்னொரு சிக்கல் வருது, இதுல தமிழுக்கும் நேரடிப் பங்கு இருக்கு. யூசர் டைப் பண்ண வார்த்தை லிஸ்ட்ல ஏற்கெனவே இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்விங் ரெண்டு சரத்தையும் ஈக்வல்ஸ் வச்சு ஒப்பிடும். இங்கிலீஷ்லயே பெரிய எழுத்து சின்ன எழுத்துல தடுக்கும். தமிழ்ல "கோவை"ன்னு எடுத்துக்கோங்க. யூனிகோட்ல "கோ" எழுத ரெண்டு வழி இருக்கு. க-வுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒண்ணு. அல்லது க, அப்புறம் ஏகாரக் குறி, அப்புறம் துணைக்கால். ஸ்கிரீன்ல பார்த்தா ரெண்டும் ஒரே "கோ". யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம்தான். ஆனா ஈக்வல்ஸுக்கு வேற வேற. முதல்ல நார்மலைஸ் பண்ணாம ஒப்பிட்டா, லிஸ்ட்ல கோவை கண் முன்னாடி இருக்கும்போதே, கோவை இல்ல, சேர்க்கட்டுமான்னு ப்ரோக்ராம் கேக்கும். சேர்த்தா ரெண்டு கோவை. "ஔவையார்" இன்னும் மோசம். ஔ-ங்கிற ஒரே எழுத்தைப் போடாம ஒ-வும் ள-வும் தனித்தனியா அடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. பார்வைக்கு ஒண்ணு, ஆனா அதை நார்மலைஸ் பண்ணாலும் சேராது.

டைப் பண்ணும்போதே மீதியை நிரப்பிக் கொடுக்கிற ஆட்டோகம்ப்ளீட் இப்படிப்பட்ட சிக்கலுக்கு ஒரு மருந்து. "தி" அடிச்சா "திருச்சி" நிரம்பி, "ருச்சி" மட்டும் நீலத்துல நிக்கும். வேணும்னா ஏத்துக்கோங்க, வேணாம்னா மேல டைப் பண்ணுங்க. டாட்நெட் 2.0-ல, 2005-லதான் இது விண்டோஸ் ஃபார்ம்ஸ் காம்போவுல தயாரா வந்துச்சு. அதுக்கு முன்னாடி விபி ஆட்கள் விண்டோஸுக்கு நேரா மெசேஜ் அனுப்பி, லிஸ்ட்ல இப்படி ஆரம்பிக்கிறது எதுன்னு கேட்டு, கையால நிரப்புவாங்க. அந்தக் கோடுல எல்லாரும் ஒரு தடவை மாட்டுற இடம் பேக்ஸ்பேஸ். அழிக்க அழிக்க அதுவே திரும்ப நிரப்பிடும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். அதுக்குன்னே தனியா ஒரு ஃப்ளாக் வைக்கணும்.

லிஸ்ட்டை முழுக்க யூசரே எழுதுற காம்போவும் இருக்கு. விண்டோஸ் 95-லேருந்து இன்னைக்கு வரைக்கும் இருக்கிற ரன் பெட்டி. புது கம்ப்யூட்டர்ல அதோட லிஸ்ட் காலி. நீங்க என்ன டைப் பண்றீங்களோ அதுதான் லிஸ்ட் ஆகும். ரெஜிஸ்ட்ரியில ரன்எம்ஆர்யு-ன்னு ஒரு இடத்துல, a-லேருந்து z வரைக்கும் ஒவ்வொரு எழுத்துக்கு ஒரு கமாண்டா சேமிச்சு வைக்கும், மொத்தம் 26. சைபர் குற்ற விசாரணையில அந்த இடத்தைத் தேடிப் போறாங்க, இந்த ஆளு என்ன ஓட்டினான்னு பார்க்க. ப்ரவுசர் அட்ரஸ் பாரும் இதே வம்சம்தான்.

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு 2000-களுக்கு அப்புறம் வந்த பதிலைப் பார்ப்போம். 2006-ல மைக்ரோசாஃப்ட் டபிள்யூபிஎஃப் கொண்டுவந்தாங்க. அதே கம்பெனி, அதே காம்போ பாக்ஸ்னு பேரு. ஆனா டிஃபால்ட் தலைகீழ். ஈஸ்எடிட்டபிள் ஃபால்ஸ். திறக்கணும்னா நீங்கதான் திறக்கணும். 15 வருஷத்துல கதவு மூடின நிலைக்கு வந்துடுச்சு. கூடவே ஈஸ்ரீட்ஒன்லின்னு இன்னொரு ப்ராப்பர்ட்டி. ரெண்டையும் ட்ரூ வச்சா, பெட்டிக்குள்ள இருக்கிற எழுத்தை செலக்ட் பண்ணிக் காப்பி எடுக்கலாம், ஆனா மாத்த முடியாது. "எடிட்டபிள், ஆனா ரீட் ஒன்லி". இந்த ஒரு வரியை ஜூனியருக்கு விளக்க ஆரம்பிச்சா டீ ஆறிடும்.

வெப் ஆரம்பத்துலேருந்தே மூடின பக்கம்தான். 1995-ல எழுதின எச்டிஎம்எல் 2.0-ல செலக்ட் இருக்கு, அதுல டைப் பண்ண வழியில்ல. டேட்டாலிஸ்ட்னு திறந்த ரகம் எச்டிஎம்எல் 5-ல வந்து சேர்ந்துச்சு. நடுவுல அவங்கவங்க ஜாவாஸ்கிரிப்ட்ல சொந்தமா காம்போ கட்டிக்கிட்டாங்க. பார்வையில்லாதவங்களோட ஸ்கிரீன் ரீடர் அதை எப்படிப் படிக்கணும்னு சொல்ற ஏரியா விதி 1.0-ல ஒரு மாதிரி, 1.1-ல வேற மாதிரி, 1.2-ல திரும்ப மாத்தி எழுதினாங்க. ரெண்டு கன்ட்ரோலை ஒட்ட வச்சா இது என்னன்னு விளக்குறதே அவ்வளவு கஷ்டம்.

லினக்ஸ்ல க்னோம் டெஸ்க்டாப்புக்கு அடியில இருக்கிற ஜிடிகே கதையோட முடிச்சுக்கிறேன். 1998-ல ஜிடிகே 1.0-ல ஜிடிகேகாம்போ இருந்துச்சு, டைப் பண்ற ரகம். 2004-ல 2.4 வந்தப்ப அதை ஓய்வு கொடுத்துட்டு ஜிடிகேகாம்போபாக்ஸ்னு மூடினது ஒண்ணு, ஜிடிகேகாம்போபாக்ஸ்என்ட்ரின்னு திறந்தது ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. 2011-ல என்ட்ரியைத் தூக்கிட்டு, ஒரே காம்போபாக்ஸ்ல "ஹேஸ்-என்ட்ரி"ன்னு ஒரு ப்ராப்பர்ட்டியா ஒட்டினாங்க. 2020 டிசம்பர்ல ஜிடிகே 4-ல ஜிடிகேட்ராப்டவுன்னு புதுசு. 2023 மார்ச்ல 4.10 வந்தப்ப காம்போபாக்ஸையே காலாவதின்னு அறிவிச்சு, இனிமே ட்ராப்டவுனைப் பயன்படுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த ட்ராப்டவுன்ல தேடலாம், ஆனா லிஸ்ட்ல இல்லாததை எழுத முடியாது. டைப் பண்ணும்போது பரிந்துரை காட்டுற என்ட்ரி கம்ப்ளீஷனும் அதே ரிலீஸ்ல காலாவதி ஆயிடுச்சு. இப்ப ஜிடிகே 4-ல காலாவதி ஆகாததை மட்டும் வச்சு ஒரு காம்போ வேணும்னா ஒரு என்ட்ரியை வை, பக்கத்துல ஒரு பட்டனை வை, அதுல ஒரு பாப்ஓவரை மாட்டு, ரெண்டையும் நீயே சேர்த்துக் கட்டு. 1990-ல விண்டோஸ் 3.0 தயாரா கொடுத்ததை 2023-க்கு அப்புறம் கையால கட்டிட்டு இருக்கோம். நான் கட்டும்போது என்ட்ரிக்கும் பட்டனுக்கும் நடுவுல ரெண்டு மூணு புள்ளி இடம் விட்டுத்தான் கட்டுறேன்.